பத்து மணித் தாலாட்டு

சுகிர்தம் டீச்சர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. றொசல்ல ஸ்டேஷனுக்கு மேலே இரண்டு மைல் ஏற்றத்தில் இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஒரே நீள மண்டபம். நடுவில் நின்ற கரும்பலகைதான் சுவர். இந்தப் பக்கம் நான் மூன்றாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பேன். அந்தப் பக்கம் ஐந்தாம் வகுப்புக்கு அவர் தமிழ் படிப்பிப்பார். அவருடைய செருப்புச் சத்தம் மேலும் கீழும் போய்க்கொண்டே இருக்கும். தொல்லை தாங்காமல் ஒருநாள் கேட்டேவிட்டேன். உட்கார்ந்தால் வேண்டாத யோசனையெல்லாம் வருகிறது மாஸ்டர் என்றார். என்ன யோசனை என்று நான் கேட்கவில்லை.

அது எழுபத்தொன்பதாம் வருஷம். தோட்டப் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் ஒவ்வொன்றாகப் பொறுப்பெடுத்துக்கொண்டிருந்தது. எனக்கு நிரந்தர நியமனம் வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. எட்டு வருஷம் படிப்பித்திருந்தும், கல்வி அதிகாரி ஒருவர் வந்து ஒரு பாடத்தைப் பார்த்து நல்லபடியாக எழுதினால்தான் அந்த வேலை அவருக்கு நிலைக்கும். இல்லாவிட்டால் முப்பத்திரண்டு வயதில் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு கொழுந்தெடுக்க மலையேற வேண்டியதுதான்.

இந்த லட்சணத்தில் அவர் பாடப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுப் பாட்டைப் பிடித்துக்கொண்டார். புத்தகத்தில் பனைமரம் பற்றி ஒரு பாடம். எங்கள் பிள்ளைகளில் ஒருவர்கூடப் பனையைக் கண்ணால் கண்டதில்லை. என்ன கேட்டாலும் வாயே திறக்க மாட்டார்கள். அதனால் வீட்டில் பாடுகிற பாட்டு ஒன்றைக் கேட்டுக்கொண்டு வரச் சொன்னார். வாரம் ஒரு பாட்டு பலகைக்கு ஏறும். யார் பாடுகிறார், யாருக்குப் பாடுகிறார், எங்கே நின்று பாடுகிறார் என்று துருவித் துருவிக் கேட்பார். பதில் சொன்னாலும் விடமாட்டார். எந்தச் சொல்லை வைத்து அப்படிச் சொல்கிறாய் என்பார். பலகைக்குப் போய் அந்தச் சொல்லில் விரலை வைக்க வேண்டும். ஊமைகளாக இருந்த பிள்ளைகள் போட்ட சத்தத்தில் என் வாய்ப்பாடு காணாமல் போனது. எனக்கு எரிச்சல். உண்மையைச் சொன்னால், பொறாமை.

அதிகாரி வருகிற நாள் தெரிந்ததும், அன்றைக்கு மட்டுமாவது பனைமரத்தை நடத்துங்கள் என்று கெஞ்சினேன். சரி என்றார். அன்று காலையில் துடைத்த பலகையையே மூன்று தரம் துடைத்தார். அதிகாரி வந்து, டீச்சர் உட்காராத நாற்காலியில் உட்கார்ந்தார். டீச்சர் புத்தகத்தைத் திறந்து முதல் கேள்வியைக் கேட்டார். ஒரு சத்தமும் இல்லை. இன்னொரு தரம் கேட்டார். அதற்கும் இல்லை. புத்தகத்தை மூடிவிட்டு அந்த வாரத்துப் பாட்டை எழுத ஆரம்பித்தார். நான் கணக்கை நிறுத்திவிட்டுப் பலகையின் ஓரத்தில் போய் நின்றேன்.

கண்ணே நீ அழுகாதே
கஞ்சித்தண்ணி குடிச்சிருக்க
பத்து மணி ஆகலையே
பால் கொடுக்க வாரேண்டி

மூன்று நாளாக நடந்த பாட்டுத்தான். தொழிலாளர் வரிசை வீடான லயத்துக் காம்பராவில் பிள்ளை தொட்டிலில் கிடக்கிறது, தாய் அடுப்படியில் வேலையாக இருந்துகொண்டு பாடுகிறாள் என்று டீச்சர் சொல்லிக்கொடுத்திருந்தார். பிள்ளைகள் அதை ஒரே குரலில் ஒப்பித்தார்கள். அதிகாரியின் பேனா ஓடியது. எனக்கு மூச்சு வந்தது.

அப்போதுதான் பூரணி எழுந்தாள். தினமும் பிந்தி வருகிறவள். தாய்மார் மலைக்குப் போனபின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பராவில் தம்பியை விட்டுவிட்டுத்தான் அவள் பள்ளிக்கூடம் வர வேண்டும்.

"டீச்சர், பிள்ளை அங்க இல்ல."

எந்தச் சொல் என்று டீச்சர் பழக்கத்தில் கேட்டுவிட்டார். அவள் நேரே போய்ப் பலகையில் விரலை வைத்தாள்.

"பத்து மணிக்குத்தான் பால் கொடுக்க எறங்க விடுவாங்க. அந்தம்மா மலையில நிக்கிறாங்க, பிள்ளை கீழ பிள்ளைக்காம்பராவுல இருக்கு. பக்கத்துல இருந்தா எதுக்கு வாரேன்னு பாடணும்?"

செருப்புச் சத்தம் நின்றுவிட்டது. நல்லது, உட்காரு என்று சொல்லிவிடுங்கள் டீச்சர் என்று மனதுக்குள் மன்றாடினேன். அவர் டஸ்டரை எடுத்தார். பாட்டுக்குப் பக்கத்தில் எழுதியிருந்ததையெல்லாம் அழித்தார். தான் சொல்லிக்கொடுத்தது பிழை, பூரணி சொன்னதுதான் சரி, எழுதிக்கொள்ளுங்கள் என்றார். மணி அடிக்கும் வரை பலகையைப் பார்த்தபடியே நின்றார்.

அறிக்கை ஒரு மாதத்தில் வந்தது. பாடப் புத்தகம் பயன்படுத்தப்படவில்லை, ஆசிரியை தாமே பிழையாக விளங்கியிருந்ததை மாணவி திருத்த நேர்ந்தது என்று எழுதியிருந்தது. நியமனம் இல்லை. அது பிறகு மூன்று வருஷம் கழித்துத்தான் கிடைத்தது. அதுவரை கிடைத்த சம்பளத்தை வாங்கிக்கொண்டு படிப்பித்தார். அறிக்கையைப் படித்த அன்று எனக்கு அதிகாரிமேல் கோபம், அதைவிட இவர்மேல் கோபம். ஒரு வார்த்தையில் சமாளித்திருக்கலாமே என்று சத்தம் போட்டேன்.

"ஆறு வயசுல என்னைய மிஷன் போர்டிங்ல விட்டுட்டாங்க மாஸ்டர். மத்தப் பிள்ளைங்க அவங்கம்மா பாடுன தாலாட்டைப் பாடிக் காட்டும். எனக்குப் பாடிக் காட்ட ஒண்ணும் இல்ல. எங்கம்மா எனக்குப் பாடவே இல்லன்னு இத்தனை வருஷமா அவங்ககிட்ட மொகம் கொடுத்துப் பேசினதில்ல" என்றார்.

அதிகாரி வந்துபோன வாரத்துச் சனிக்கிழமையே பஸ் ஏறி அக்கரப்பத்தனைத் தோட்டத்துக்குப் போயிருக்கிறார். அவருடைய அம்மா றோசலின் அப்போதும் அங்கே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார். லயத்துக்குப் போகாமல் நேரே மலைக்கு ஏறி, தேயிலை நிரையின் ஓரத்தில் நின்றபடியே, எனக்கு என்றைக்காவது தாலாட்டுப் பாடினீங்களா என்று கேட்டாராம். இதை என்னிடம் சொல்லும்போதும் நடந்துகொண்டேதான் இருந்தார். அந்த அம்மா தலையை நிமிர்த்தவில்லையாம், கையையும் நிறுத்தவில்லையாம்.

"தெனமும் இங்க நின்னு பாடுவேன். நீ கீழ பிள்ளைக்காம்பராவுல கெடப்ப. ஒனக்கு எங்க கேட்டிருக்கப் போகுது?"