அக்கா வீட்டுக் கூடத்து பல்பு

நேற்று எங்கள் வீட்டு எல்.இ.டி. பல்பு அணைந்துபோனதும் கழற்றிக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தேன். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். இந்தப் பழக்கம் திண்டிவனத்தில் அக்கா வீட்டுக்காரரிடமிருந்து எனக்குத் தொற்றியது.

எண்பதுகளின் கடைசியில் எனக்கு விழுப்புரத்தில் ஜவுளிக்கடை வேலை. லீவு கிடைத்தால் பஸ் ஏறி அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன். மாமா சைக்கிள் கடை வைத்திருந்தார். பஞ்சரான ட்யூபுக்கு ஒட்டுப் போட்டால் ஓடுகிறது, பல்பை மட்டும் ஏன் திறக்கவே முடியாதபடி மூடித் தொலைக்கிறார்கள் என்பது அவருடைய தீராத கோபம். கழுத்தில் திருகித் திறக்க ஒரு மரை வைத்தால் அறுந்த இழையை நாமே மாற்றிக்கொள்ளலாமே என்பார். உள்ளே காற்று போனால் கெட்டுவிடும் மாமா என்றால், காற்று இறக்குவது எனக்கு ஒரு வேலையா என்பார். போனதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குங்கள், உயிராவது மிஞ்சும் என்பது என் கட்சி. உயிர் போவதாக இருந்தது எனக்கல்லவா!

கூடத்தில் தொங்கும் பல்பின் இழை அறுந்தால், ஸ்விட்சைப் போட்டுவிட்டு ஹோல்டரை மெல்ல ஆட்ட வேண்டும். அறுந்த நுனிகள் தொட்டுக்கொண்டால் ஒட்டிக்கொள்ளும். மாமா ஆட்டினால் ஒட்டாது. என்னைத்தான் மர ஸ்டூலில் ஏற்றுவார். காலில் ரப்பர் செருப்பு, கையில் நாலாக மடித்த துண்டு, வாயில் முருகன். ஹோல்டரைத் தொட்டதுமே என் கை வெடவெடவென்று நடுங்கும். பல்பு எரிந்துவிடும்.

"நீ பயந்துகினே இரு மச்சான், அதான் நமக்கு வேணும்" என்று கீழே நின்று சிரிப்பார். ஒட்டிய பல்பு முன்னைவிடப் பளிச்சென்று எரியும். சில நாளில் மறுபடி போகும்.

பிறகு, சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போதே அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. இதயத்தில் கோளாறு, நெஞ்சைத் திறந்துதான் சரிசெய்ய வேண்டும் என்று பாண்டிச்சேரி டாக்டர் சொன்னார். மாமா மாட்டேன் என்றார். அக்கா சொல்லிப் பார்த்தாள், அழுது பார்த்தாள். புதுசு வாங்கச் சொல்லும் கட்சிக்காரனான நான், ரிப்பேர் பண்ணிக்கொள்ளுங்கள் மாமா என்று அவர் கையைப் பிடித்துக் கெஞ்சினேன்.

"பல்பத் தொறக்கணும்னுதான் சொன்னேன். என்னத் தொறக்கச் சொன்னேனா?" என்று சிரித்தவர், அப்புறம் குரலை இறக்கிச் சொன்னார்: "பயமா கீது மச்சான்."

என் பிடிக்குள் அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது. எங்கள் இருவரில் பயந்தாங்கொள்ளி நான் மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

ஆபரேஷன் நடக்கவேயில்லை. மழைக்காலம் முடிவதற்குள் அவரைக் கூடத்தில் கிடத்தினோம். விளக்கு வைக்கிற நேரத்தில் பல்பு போய்விட்டது.

"தம்பிய ஏறச் சொல்லுங்க. அவன் தொட்டா எரியும்" என்றாள் அக்கா.

செருப்புகூடப் போடாமல் ஸ்டூலில் ஏறி ஹோல்டரைப் பிடித்தேன். கீழே அவர் முகம். கை நடுங்கவில்லை. நானாக ஆட்டியும் பார்த்தேன், ஒட்டவில்லை. யாரோ ஓடிப்போய்ப் புது பல்பு வாங்கி வந்தார்கள். நான்தான் மாட்டினேன்.

நேற்றும் கடைக்குப் போய்ப் புதுசுதான் வாங்கி வந்தேன். என் கட்சி ஜெயித்துவிட்டது. இப்போது யாரும் பல்பை ஆட்டுவதில்லை. மெயினையே அணைத்துவிட்டு ஸ்டூலில் ஏறினேன். கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்த மனைவி, "கரண்டுதான் இல்லியே, கை ஏன் இப்பிடி நடுங்குது?" என்றாள்.

வயசாச்சு என்றேன்.