மிளகாய் வந்த வழி

கடத்தூருக்கு மேற்கே உள்ள ஒரு சிற்றூர்ப் பள்ளியில் லூர்துமேரி சத்துணவு சமைக்கிறாள். ஊர்ப் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேருக்கு மத்தியானச் சாப்பாடு அவள் கையால்தான். அவள் அவித்த முட்டை, அவள் தாளித்த சாம்பார், அவள் வேகவைத்த உருளைக்கிழங்கு. அதே பிள்ளைகளைப் பெற்றவர்கள் சித்திரைத் திருவிழாவில் மாரியம்மனுக்குப் படையல் சமைக்கும்போது மட்டும் லூர்துமேரி அடுப்பை நெருங்கக் கூடாது. இது என்ன நியாயம் என்று யாரும் கேட்டதில்லை. கேட்கத் தோன்றியவர்களும் நமக்கேன் வம்பு என்று இருந்துவிட்டார்கள்.

அவள் பிறந்தது அரூர்ப் பக்கம், ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில். அங்கே டிராக்டர் ஓட்டப் போன குப்புராஜ் திரும்பி வரும்போது பெண்டாட்டியோடு வந்தான். ஊர் கொஞ்ச நாள் குதியாய்க் குதித்தது, பிறகு களைத்துப்போய் அடங்கியது. வாசலில் ஆரத்தி எடுத்து அவளை உள்ளே அழைத்தவள் குப்புராஜின் அண்ணன் மனைவி நிர்மலாதேவி. சாமி அலமாரியில் முருகன் படத்தைக் கொஞ்சம் நகர்த்தி, மாதா படத்துக்கு இடம் கொடுத்தவளும் அவள்தான். லூர்துமேரி அதை மறந்தவள் அல்ல.

சிக்கல் முதல் திருவிழாவிலேயே வந்தது. அந்த ஊர்ப் படையல் குழம்புக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. சீமைக் காய் ஆகாது. கோஸ், கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு எதுவும் ஆத்தாள் முன்னால் போகக் கூடாது. மொச்சையும் கத்தரிக்காயும்தான். புது மருமகளுக்கு இதை யாரும் சொல்லி வைக்கவில்லை, ஏனென்றால் இதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டிய சங்கதி என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கத்தரிக்காய் பற்றாது போலிருக்கிறதே என்று பார்த்த லூர்துமேரி, பிறந்த ஊர்த் தேர்த்திருவிழாச் சாப்பாட்டில் செய்வதைப் போல, ஒரு கூடை உருளைக்கிழங்கை நறுக்கி அண்டாவில் கொட்டிவிட்டாள். நல்ல மனசோடுதான் கொட்டினாள். கோயில் பெரியவர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். கொதிக்கிற அண்டாவை அப்படியே மண்ணில் கவிழ்த்தார்கள்.

“சீமைக்காரி புத்தியக் காட்டிட்டா பாத்தியா” என்றார் ஒருத்தர். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

இருபத்தாறு வருஷம் ஓடிவிட்டது. இன்றைக்கும் அடுப்பைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு போடுவார்கள். காப்புக் கட்டி விரதமிருந்த பெண்கள் கோட்டுக்கு உள்ளே நிற்பார்கள். லூர்துமேரியும் விரதம் இருப்பாள், யாரும் கேட்காவிட்டாலும். கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக் கொடுப்பாள். உள்ளே உப்புப் போடுவது நிர்மலாதேவி. படையலை வாயில் வைத்து ருசி பார்க்க முடியாது என்பதால், உப்புப் போடுகிற கைக்கு அந்த ஊரில் தனி மரியாதை. வெங்காயம் உரிக்கிற கைக்கு அப்படி எதுவும் கிடையாது.

இதையெல்லாம் பழகிப்போனதாகத்தான் அவளும் நினைத்திருந்தாள். வெண்மதி டீச்சர் மாற்றலாகி வந்த பிறகுதான் அவளுக்குள் ஏதோ கிளறிக்கொண்டது.

வெண்மதி வரலாற்று டீச்சர். சமையற்கூடத்துக்குப் போகிற வழியில் இருந்த பழைய கரும்பலகையைத் துடைத்து, ‘நாம் தப்பாக நினைத்துக்கொண்டிருப்பவை’ என்று தலைப்புப் போட்டு, வாரம் ஒரு சங்கதி எழுதினாள். நெப்போலியன் குள்ளன் இல்லை, அந்தக் காலத்து ஆண்களின் சாதாரண உயரம்தான். நிலாவிலிருந்து பார்த்தால் சீனப் பெருஞ்சுவர் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. எகிப்தில் பிரமிடு கட்டியவர்கள் சவுக்கடி பட்ட அடிமைகள் என்பது கதை, அவர்கள் ரொட்டியும் பீரும் வாங்கிக்கொண்டு வேலை செய்தவர்கள், செத்தால் பிரமிடுக்குப் பக்கத்திலேயே மரியாதையாகப் புதைக்கப்பட்டார்கள்.

முட்டைத் தட்டைச் சுமந்துகொண்டு போகிற லூர்துமேரி, தட்டை இறக்கி வைத்துவிட்டு எழுத்துக் கூட்டிப் படிப்பாள். பிரமிடு சங்கதி அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

“ஏன் டீச்சர், அத்தன பேருக்கும் ஒருத்தி சமச்சிருப்பா இல்ல?”

“ஒருத்தியா! ஒரு படையே சமச்சிருக்கும், மேரிக்கா.”

“அவ பேரு தெரியாதுங்களா?”

“தெரியாதுங்க்கா” என்று சிரித்தாள் வெண்மதி. லூர்துமேரி சிரிக்கவில்லை. உலகமே சேர்ந்து ஒன்றைத் தப்பாகச் சொல்லிக்கொண்டிருக்க முடியும் என்பதே அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. ஓர் ஊர் தப்பாகச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகப்போகிறது.

பங்குனிக் கடைசியில் அந்த வாரத்துச் சங்கதி வந்தது. மிளகாய் நம் நாட்டுப் பயிர் இல்லை. அமெரிக்கக் கண்டத்தில் விளைந்தது, ஏறக்குறைய ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் போர்த்துக்கீசியர் கப்பலில் இங்கே வந்து இறங்கியது. அதற்கு முன் நம் முன்னோர்களுக்கு உறைப்பு என்றால் மிளகுதான். உருளைக்கிழங்கும் தக்காளியும் நிலக்கடலையும் அதே கண்டத்துச் சரக்குகள்தான்.

லூர்துமேரி அதை மூன்று முறை படித்தாள். அன்றைக்குச் சாம்பாரில் மிளகாய்த்தூளை அள்ளும்போது கையில் இருந்ததைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள். இருபத்தாறு வருஷமாக ஆத்தாள் குழம்பில் படி படியாக விழுந்தது இது. இதுவும் உருளைக்கிழங்கும் ஒரே சீமை. இது கோட்டுக்கு உள்ளே, அவள் வெளியே. அவளுக்கு வந்த கோபத்தில் சாம்பார் அடிப்பிடித்தது, பிள்ளைகள் மூக்கைச் சுளித்துக்கொண்டு சாப்பிட்டார்கள்.

சாயங்காலம் நேரே ஓரகத்தி வீட்டுக்குப் போனாள். நிர்மலாதேவி மொட்டை மாடியில் படையலுக்கான மிளகாயைத் தனியாக, தீட்டுப் படாமல், வெள்ளை வேட்டியில் காயப் போட்டுக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் லூர்துமேரிக்கு அடக்க முடியவில்லை.

“அக்கா, இது சீமைச் சரக்கு, தெரியுமா உங்களுக்கு?”

படித்ததை எல்லாம் கொட்டித் தீர்த்தாள். கப்பல், போர்த்துக்கீசியர், மிளகு, உருளைக்கிழங்கு ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது. எத்தனை வருஷம் வெங்காயத்தின் மேல் பழி போட்டு அழுத அழுகை அது. அக்கா மறுப்பாள், சண்டை போடுவாள், தானும் ஒரு வழி பார்த்துவிடலாம் என்று புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள்.

நிர்மலாதேவி மறுக்கவில்லை. கிள்ளிய காம்பைக் கீழே போட்டாள்.

“டீச்சரே எழுதியிருக்காங்களா?”

“ஆமாங்க்கா.”

“அப்ப எம் பரிதி நம்மள வுட்டுப் போன வருஷமும் இதத்தான நான் போட்டேன்?”

அவள் ஒரே மகன் இளம்பரிதி, வேலைக்குச் சேர்ந்த மறு வருஷம், தொப்பூர் இறக்கத்தில் பைக்கில் போகும்போது பின்னால் வந்த லாரி மோதிப் போனவன். திருவிழா முடிந்து மூன்றாம் நாள் அது நடந்தது. ஆத்தாளுக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லையே, பிறகு ஏன் எடுத்துக்கொண்டாள் என்று கேட்டுக் கேட்டு, பதில் கிடைக்காமல், குறை வைக்கவில்லை என்கிற அந்த ஒன்றையே பிடித்துக்கொண்டு எழுந்து நடமாடியவள் நிர்மலாதேவி. அந்தப் பிடியைத்தான் லூர்துமேரி இப்போது தட்டிவிட்டிருந்தாள்.

“ஐயோ, நான் அதுக்குச் சொல்லலீங்க்கா” என்றாள். நிர்மலாதேவி எழுந்து வேட்டியைச் சுருட்டாமலே கீழே போய்விட்டாள்.

மறுநாள் காலை முட்டைத் தட்டு வருவதற்கு முன்பே லூர்துமேரி கரும்பலகை முன்னால் நின்றாள்.

“டீச்சர், மொளகா சங்கதி பொய்யின்னு எழுதிடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்.”

வெண்மதி முழுக் கதையையும் கேட்டாள். துடைப்பானைக் கையில் எடுத்தாள், திரும்ப வைத்துவிட்டாள். “நடந்ததை எப்பிடிங்க்கா நடக்கலைன்னு எழுதறது?” என்றாள். பிறகு கேட்டாள். “ஆத்தாளுக்கு வேற என்னெல்லாம் படைப்பீங்க?”

“களி, மொச்சக் கொழம்பு, மாவெளக்கு.”

“ராகிக் களிதான? ராகியும் ஆப்பிரிக்காலேருந்து வந்ததுன்னுதான் ஆராய்ச்சிக்காரங்க சொல்றாங்க. என்னா, அது வந்து சில ஆயிரம் வருஷம் ஆச்சு.”

லூர்துமேரி வாயைப் பிளந்தாள். தர்மபுரிக்காரன் களியே வெளியூர் என்றால் இனி எதைத்தான் நம்புவது!

அன்று சாயங்காலம் அவள் அக்காவின் சமையலறை வாசலில் உட்கார்ந்து, நிர்மலாதேவியின் முதுகைப் பார்த்தே பேசினாள்.

“களியும் வந்ததுதானாங்க்கா. எதுதான் வரல? ஆத்தாளுக்கு ஆவலைன்னா அவ மொத நாளே தொண்டையக் காறித் துப்பியிருப்பா. ஐந்நூறு வருஷமா மூக்கச் சிந்திக்கிட்டு ருசியாத்தான் சாப்பிட்டுட்டு இருக்கா. நம்ம பரிதி போனது பிரேக் புடிக்காத ஒரு லாரியால. மொளகாயால இல்ல. உங்க கையால இல்ல. நான்தான் எரிச்சல்ல வாய விட்டுட்டேன்.”

நிர்மலாதேவி திரும்பவில்லை. அடுப்பைத் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தாள். லூர்துமேரி இருட்டும்வரை இருந்துவிட்டு எழுந்து வந்தாள்.

திருவிழா வந்தது. கோடு போட்டார்கள். அடுப்பு எரிந்தது, மொச்சை வெந்தது, கத்தரிக்காய் விழுந்தது. நிர்மலாதேவி மிளகாய்த்தூள் கிண்ணத்தோடு அண்டாவின் முன்னால் நின்றாள், அப்படியே நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“மேரி, இங்க வா” என்றாள் நிர்மலாதேவி.

லூர்துமேரி வெங்காயக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கோட்டு ஓரம் வந்து நின்றாள்.

“உள்ள வாடி.”

கோயில் பெரியவர் ஒருத்தர் பந்தக்காலில் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்தார். “என்னாம்மா இது, வழக்கமில்லாத வழக்கம்? கோட்டுக்கு உள்ள...”

“இந்த மொளகா எந்தக் கடலத் தாண்டி வந்துச்சோ, அத உள்ள வுட்டுட்டோம். இவ அரூர்லேருந்து பஸ்ஸுல வந்தா” என்றாள் நிர்மலாதேவி, அண்டாவை விட்டுக் கண் எடுக்காமல். “நீங்க போயி பம்பைக்காரங்க வந்துட்டாங்களான்னு பாருங்க.”

மகனைக் கொடுத்த தாயிடம் அந்த ஊரில் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. பெரியவர் துண்டை உதறிக்கொண்டு பம்பைக்காரரைத் தேடிப் போனார்.

லூர்துமேரி கோட்டைத் தாண்டினாள். கிண்ணத்தை வாங்கித் தூளைக் கொட்டினாள். அண்டா சிவந்து கொதித்தது, உறைப்பு நெடியில் எல்லோருக்கும் தும்மல் வந்தது. இறக்கப் போகும்போது நிர்மலாதேவி உப்புச் சட்டியையும் அவள் பக்கம் தள்ளினாள். “நீயே போடு. எனக்குக் கை ஓடல.”

ஊருக்கெல்லாம் முட்டை கணக்காக, உப்புக் கணக்காகச் சமைத்துப் போட்டவளுக்கு அன்றைக்குக் கணக்கு வரவில்லை. கண்ணும் சரியாகத் தெரியவில்லை. அள்ளிப் போட்டாள்.

பூசை முடிந்து பந்தி உட்கார்ந்தது. குழம்பில் உப்பு ஒரு கை கூடத்தான் இருந்தது. ஊரே சாப்பிட்டது, ஒருத்தரும் சொல்லவில்லை. நிர்மலாதேவி இரண்டு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு, இலையை நகர்த்தி, இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னாள்.