ஐந்து தொட்டிப் புதினாவும் ஒரு ரோஸ் நாடாவும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு, எங்கள் வீட்டு மொட்டை மாடியில் வைத்து என் மானம் போனது. அதில் உங்களுக்கும் பங்கு உண்டு. நான் எழுதுவதை எல்லாம் நீங்கள் நம்பிவிடுகிறீர்களே!

இரண்டு மாதம் முன்பு இதே பத்தியில் என் மாடித்தோட்டத்தைப் பற்றி அளந்து விட்டேனே... ஞாபகம் இருக்கிறதா? புதினா, மல்லி, கற்பூரவல்லி — 'இனி எங்கள் சமையலுக்குக் கடைத் தழை வேண்டாம்' என்று ஒரே பெருமை. எழுதியபோது அது பொய்யில்லை. ஐந்து தொட்டியிலும் புதினா தளதளவென்று நின்றது. இரண்டு முறை துவையல் அரைத்தேன், ஒரு முறை புதினா சாதம் கிளறினேன்.

பிறகு ஷிப்மென்ட் வந்தது. நான் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். சரக்கைக் கப்பலேற்றும் அந்த நேரத்தில் பெற்ற பிள்ளையின் பெயரே மறந்துபோகும், புதினா எம்மாத்திரம்? எட்டாம் நாள் மாடிக்குப் போனால் எல்லாம் சருகு. பதறிப்போய் போர் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றினேன். எங்கள் போர் தண்ணீரில் பருப்பே வேகாது, அவ்வளவு உப்பு. மிச்சம் இருந்த உயிரும் போயிற்று. கற்பூரவல்லி மட்டும் பிழைத்தது. அதைச் சாகடிக்க என்னால்கூட முடியவில்லை.

இந்தத் துக்கச் செய்தியை உங்களுக்கு எழுதினேனா? மூச்!

சனிக்கிழமை மாலை ஒரு போன். குன்னத்தூரிலிருந்து சரஸ்வதி என்ற வாசகி.

"மேடமுங்களா? எங்க ஊட்டுக்காரரு காய்ச்சல்ல கெடந்து எந்திரிச்சதுல இருந்து சோறே எறங்கறதில்லீங்க. இருவது நாளா வெறுங் கஞ்சிதானுங்க. அவருக்குப் பொடி எழுத்துத் தெரியாது, வாராவாரம் உங்க பத்திய நாந்தான் படிச்சுக் காட்டுவேன். நேத்து அந்தப் பழைய பேப்பர் கைக்கு வந்துச்சு, படிச்சனுங்க. அவராவே, 'அந்தத் தோட்டத்துப் புதினாச் சோறுன்னா ஒரு வாய் திங்கலாம்'னு சொல்லிப்போட்டாருங்க! கடைப் புதினாவுல வாசமே இல்லைன்னு தொட மாட்டேங்கறாரு. நாளைக்குத் திருப்பூர் வாறமுங்க... உங்க ஊட்டுக்கு வரலாமுங்களா?"

செடி செத்துவிட்டது என்று சொல்ல ஒரு வரி போதும். ஆனால் என் வாய் "தாராளமா வாங்க" என்றது.

"உள்ளதச் சொல்லீரலாமில்ல?" என்றார் என் கணவர். சொன்னாலும், விடிந்ததும் சந்தைக்குப் போய் ஐந்து கட்டுப் புதினா வாங்கி வந்தவரும் அவர்தான். தொட்டிக்கு ஒரு கட்டு என்று மண்ணில் செருகி, மேலே தண்ணீரும் தெளித்தேன். அடடா, என்ன பசுமை!

விருந்தாளிகள் வந்தார்கள். சரஸ்வதியின் வீட்டுக்காரர் பழனிச்சாமி இளைத்துப்போய், படியேற முடியாமல் கீழேயே உட்கார்ந்துவிட்டார். சரஸ்வதி மட்டும் என்னோடு மாடிக்கு வந்தார். ஆசையாக ஒரு கொழுந்தைப் பிடித்து லேசாக இழுத்தார்.

கட்டு முழுசாகக் கையோடு வந்துவிட்டது.

எங்கள் ஊரில் எதைக் கட்டவும் யாரும் கயிறு தேடுவதில்லை. பனியன் வெட்டியது போக மிஞ்சும் கட்டிங் வேஸ்ட் துணியை நாடாவாகக் கிழித்தால் போதும். சந்தையில் புதினாக் கட்டும் அப்படித்தான். அவசரத்தில் நான் அவிழ்க்க மறந்த ரோஸ் நாடா, முடிச்சோடு மண் ஒட்டித் தொங்கியது. ஒரு பீஸில் அரை விரல் நூல் பிசிறு தெரிந்தாலும் லைனையே நிறுத்திக் கத்துகிறவள் நான்!

சரஸ்வதி நாடாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஏனுங் மேடம், உங்கூர்ல புதினாகூடப் பனியன் போட்டுட்டுத்தான் மொளைக்குமுங்களா?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் சிரித்தார். சிரித்து முடித்ததும் முகம் மாறியது.

"அட, உடுங்க அம்முணி. ஆனா அவருகிட்ட மூச்சு உட்றாதீங்க. கடைத் தழைன்னு தெரிஞ்சா கைய ஒதறீட்டு எந்திரிச்சுருவாரு. இன்னைக்கு அவரு நாலு வாய் திங்கோணும், எனக்கு அது போதுமுங்க."

மேடம் பட்டம் போய் அம்முணி ஆகிவிட்டேன். பதவி இறக்கமா, ஏற்றமா? இன்னும் தெரியவில்லை.

இரண்டு பேருமாகச் சமைத்தோம். புதினா, பச்சை மிளகாய், இஞ்சி, துளி புளி வைத்து அரைத்து, அவர்கள் தோட்டத்திலிருந்து கொண்டுவந்திருந்த நிலக்கடலையைத் தாளித்து, சூடான சோற்றில் கிளறினோம். தொட்டுக்கொள்ளத் தயிர். வேறொன்றும் இல்லை.

பழனிச்சாமி முதல் வாயை மெதுவாக மென்றார். நாங்கள் இரண்டு பேரும் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். இறங்கியது. தட்டைக் காலி செய்துவிட்டு, "இன்னங் கொஞ்சம் போடுங்க" என்றார். சரஸ்வதி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பாத்தியா சரசு? தோட்டத்துத் தழைன்னா தழைதான். கடைப் புதினாவுக்கு இந்த வாசம் வருமா?"

நான் தயிர்க் கிண்ணத்தையே உற்றுப் பார்த்தேன். சோற்றில் பாதி ருசி, அது எங்கே விளைந்தது என்று நாம் நம்புவதில்தான் இருக்கிறது போல.

கிளம்பும் முன் சரஸ்வதி மாடிக்குப் போய், மிச்சத் தண்டுகளின் இலையைக் கிள்ளிவிட்டு ஒழுங்காக நட்டு வைத்தார். குடிதண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்று உத்தரவு. நேற்றுப் பார்த்தேன், இரண்டு தண்டில் துளிர் விட்டிருக்கிறது. அடுத்த முறை நிஜமாகவே தோட்டத்துப் புதினாதான். சத்தியமாக!

சரஸ்வதி அக்கா... இந்த வாரப் பத்தியை மட்டும் அவருக்குப் படித்துக் காட்டிவிடாதீர்கள்.