நடனத்துக்கு ஒரு டேலி கிளாக்கர்

பத்திரிகையின் கலைப்பக்கத்துக்கு எழுதத் தொடங்கி இரண்டு வருடமாகியிருந்தபோது, வீட்டின் பொலிஸ் பதிவைப் புதுப்பிக்க வேண்டி வந்தது. அந்த யுத்த நாட்களில் கொழும்புக் கொட்டாஞ்சேனையில் எந்தத் தமிழ் வீடும் அந்தப் படிவத்திலிருந்து தப்ப முடியாது. யார் யார் இருக்கிறார்கள், எங்கே பிறந்தவர்கள், என்ன தொழில். வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்து முடித்த முதல் ஆள் நான் என்பதால் எந்தப் படிவமும் என்னிடம்தான் வரும். அப்பா: துறைமுகத் தொழிலாளி. அம்மா: வீட்டுவேலை. தங்கச்சி: தையல். என் பெயருக்கு நேரே வந்ததும் பேனை நின்றுவிட்டது.

போன முறை மாணவன் என்று போட்டிருந்தேன். அப்போது அது உண்மை. இப்போது படிப்பு முடிந்துவிட்டது. வேலை இல்லை என்று எழுதலாம்தான். ஆனால் இருபத்துமூன்று வயதில் வேலையில்லாத தமிழ்ப் பெடியன் என்றால் என்ன நடக்கும் என்று எங்கள் லேனில் எல்லோருக்கும் தெரியும். பக்கத்து வீட்டு அண்ணாவை அப்படித்தான் கொண்டுபோய் நாலு நாள் வைத்திருந்தார்கள்.

அதைவிட, எனக்கு ஒரு தொழில் இருக்கிறது என்றே நான் நம்பியிருந்தேன். சனி, ஞாயிறுகளில் வெள்ளவத்தை மண்டபங்களில் அரங்கேற்றமோ கச்சேரியோ நாடகமோ எது நடந்தாலும் மூன்றாவது வரிசை ஓரத்தில் கொப்பியோடு இருப்பேன். திங்கட்கிழமை கட்டுரையைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். வியாழக்கிழமை அது அச்சில் வரும். இது தொழில் இல்லையென்றால் வேறு எது?

கலைப்பக்க ஆசிரியர் யாழ்ப்பாணத்துக்காரர். என் கட்டுரைகளில் 'அற்புதம்' என்ற சொல்லைக் கண்ட இடமெல்லாம் சிவப்புப் பேனையால் வெட்டுகிறவர். அவரிடம் போய் ஒரு கடிதம் கேட்டேன்.

"ஐசே, நீர் எங்கட ஸ்டாஃப் இல்லையே. கடிதம் தந்தா மேல என்னையெல்லோ கேப்பினம்."

"அப்ப நான் என்ன எண்டு எழுதுறது சேர்?"

"பத்திரிகைக்காரன் எண்டு மட்டும் எழுதிப்போடாதையும். அதுக்கு வேலை இல்லை எண்டே எழுதலாம்." கொஞ்சம் யோசித்தார். "விமர்சகர் எண்டு போடும். தமிழ் ஆக்களுக்கே விளங்காது. பொலிசுக்கு எங்க விளங்கப்போகுது?"

படிவம் சிங்களத்தில் இருந்தது. வெள்ளவத்தை நிகழ்ச்சிகளுக்குச் சிலவேளை வரும் ஒரு சிங்கள விமர்சகரிடம் சொல் கேட்டு வைத்தேன். 'விசாரக' என்றார். இரண்டு நாள் அதைச் சொல்லிச் சொல்லிப் பழகினேன். சொல்லச் சொல்ல எனக்கு ஒரு பதவி கிடைத்துவிட்டதுபோல இருந்தது.

வீட்டுத் தலைவரும் வர வேண்டும் என்பதால் அப்பா அரைநாள் லீவு எடுத்தார். வெள்ளைச் சேட்டுப் போட்டு, தலை வாரி, பூசைக்குப் போவதுபோல வந்தார். மேசையில் இருந்த சார்ஜன்ட் படிவத்தை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வந்து என் பெயரில் நின்றார்.

"ரஸ்ஸாவ?" தொழில் என்ன என்று கேட்டார்.

"விசாரக," என்றேன், நல்ல தெளிவான குரலில்.

பின்னாலிருந்து என் சேட்டுத் துணியை ஒரு கை இறுக்கிப் பிடித்தது. அப்பாவின் சிங்களம் துறைமுகச் சிங்களம். கயிறு, கிரேன், ஓவர்டைம், சண்டை எல்லாவற்றுக்கும் அதில் சொல் உண்டு. இந்தப் புத்தகச் சொல்லை அவர் கேட்டதே இல்லை. அவர் காதில் விழுந்தது எங்கள் தமிழ் விசாரணை. அந்த நாட்களில் எங்கள் லேனில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். என்னை விசாரணைக்கு எடுங்கள் என்று மகன் தானாகவே வாய்விட்டுக் கேட்கிறான் என்று நினைத்துவிட்டார்.

"வாயப் பொத்து மகன்," என்றார் மெதுவாக. பிறகு சார்ஜன்டைப் பார்த்துச் சிங்களத்தில், "மாத்தயா, இவன் டேலி," என்றார்.

"துறைமுகத்திலா?"

அப்பாவுக்குப் பொய் வராது. பிறகு அவர் சிங்களத்தில் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "துறைமுகத்தில இல்ல மாத்தயா. நாங்க கப்பலில சாமான் இறக்கேக்குள்ள டேலி கிளாக்கர் பக்கத்தில நிப்பார்தானே. ஒண்டும் தூக்க மாட்டார். எது முழுசா வந்தது, எது உடைஞ்சது, எது நனைஞ்சது எண்டு பாத்து எழுதுவார். இவனும் அப்படித்தான். இவன் டான்ஸுக்கு."

சார்ஜன்ட் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "கடைசியாகப் பார்த்ததில் எத்தனை உடைந்தது?"

அவர் பகிடி விடுகிறார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. ஒரு ஜதியில் தாளம் இரண்டு இடத்தில் தவறியது, வர்ணத்தில் இடுப்பு விசிறி கழன்றது என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் ஒழுங்காகச் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். நான் எழுதியிருந்த 'விசாரக'வை ஒரு கோட்டால் வெட்டி, மேலே டேலி கிளாக்கர் என்று எழுதி முத்திரை குத்தினார். திருத்தச் சொல்ல வாய் எடுத்தேன். சேட்டுப் பின்பக்கம் இன்னும் அப்பாவின் கையிலேயே இருந்தது.

வெளியே வந்ததும் அப்பா சொன்னார், "அந்தச் சொல்ல இனி ஒரு இடத்திலயும் சொல்லாத."

"அப்பா, அது விமர்சகருக்குச் சிங்களம்."

"என்னவாவது இருக்கட்டும். ஆக்களப் பிடிக்கிற சொல்லு மாதிரிக் கிடக்கு." தேத்தண்ணிக் கடையில் இரண்டு பிளேன்டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தார். முகம் கொஞ்சம் இளகியிருந்தது. "நீ சரியாத்தான எழுதுற? உடையாதத உடைஞ்சது எண்டு எழுதுறதில்லையே?"

"இல்ல. ஆனா உடைஞ்சத முழுசு எண்டு எழுதியிருக்கிறன்."

"ஏன்?"

"பிள்ளையிட தாய் தகப்பன் கவலைப்படுவினம் எண்டு."

அப்பா பிளேன்டீயை ஆற்றிக்கொண்டே சிரித்தார். "அப்ப சார்ஜன்டுக்கு நான் பொய்தான் சொல்லியிருக்கிறன்."

அடுத்த சனிக்கிழமை காலி வீதியில் ஆமிக்காரர்கள் சோதனைக்காகப் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். பொலிஸில் தந்த என் பதிவுத் துண்டை ஒரு இளம் ஆமிக்காரர் வாசித்துப் பார்த்தார். டேலி கிளாக்கருக்கு வெள்ளவத்தையில் என்ன வேலை, இங்கே கப்பல் வந்திருக்கிறதா என்று கேட்டார். நிகழ்ச்சி அழைப்பிதழை எடுத்துக் காட்டினேன். அட்டையில் நாட்டியம் ஆடும் பிள்ளையின் படம். அதையும் துண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்.

மண்டபத்தில் மூன்றாவது வரிசை ஓரத்தில் இடம் இருந்தது. கொப்பியில் நடுவே ஒரு கோடு இழுத்தேன்: ஒரு பக்கம் முழுசு, மற்றப் பக்கம் உடைஞ்சது. அந்தப் பிள்ளை நன்றாக ஆடினாள். ஒன்றைத் தவிர எல்லாம் முழுசாக வந்து சேர்ந்தது. திங்கட்கிழமை அந்த ஒன்றையும் சேர்த்து எழுதிக் கொடுத்தேன். ஆசிரியர் சிவப்புப் பேனையின் மூடியைத் திறந்தார், கடைசி வரி வரை வாசித்தார், பிறகு மூடியைப் போட்டார்.