எங்கள் அத்தானின் மூச்சும் தள்ளிப்போன டெர்மினும்

அத்தான் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு அவருடைய வாழ்க்கையை எழுதித் தரும்படி அக்கா கேட்டபோது ஒரு நிபந்தனையும் போட்டார். "நல்லதை மட்டும் எழுதிப்போட்டு விடாத. அந்த டெர்மினையும் எழுது" என்றார். வைத்தியரைப் பார்க்கக் குறித்து வாங்கும் நாளை ஜேர்மனியில் டெர்மின் என்போம். தங்கை நான், சம்மதித்துத்தான் எழுத உட்கார்ந்தேன்.

அத்தான் ஜப்பானின் வடக்கே, ஒரு மீன்பிடித் துறைமுகத்தில் பிறந்தார். தகப்பனார் படகுக்காரர், அத்தானின் சிறு வயதிலேயே அவரைக் கடல் கொண்டுபோய்விட்டது. பள்ளி வாத்தியக் குழுவில் எல்லோரும் விரும்பியதை எடுத்துக்கொண்ட பிறகு எஞ்சிக் கிடந்தது ஒரு டெனர் சாக்சபோன். அதையே தூக்கிக்கொண்டு டோக்கியோவுக்குப் போனார். ஜாஸ் இசையோடு மின்கிற்றாரும் மின்பியானோவும் கலந்த ஃபியூஷன் அங்கே சூடுபிடித்திருந்த காலம் அது. விடுதிகளில் ஊதினார், சோப்பு விளம்பரத்துக்கும் ஊதினார், பிறகு தம் பெயரிலேயே இசைத்தட்டுகள் வெளியிட்டார். ஐரோப்பாவுக்குச் சுற்றுப்பயணம் வந்த இடத்தில் அவருடைய குழு சண்டை பிடித்துப் பிரிந்தது. மற்றவர்கள் விமானம் ஏறினார்கள், அத்தான் ஹனோவரில் தங்கிவிட்டார்.

அங்கே ஜேர்மன் மொழி வகுப்பில், அகதியாக வந்திருந்த அக்கா அவருக்குப் பக்கத்து வாங்கில் இருந்தார். இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை ஜேர்மன் மட்டும். விஷயம் வீட்டுக்குத் தெரிந்ததும் அப்பா குதித்தார். "சப்பான்காரன் எண்டாலும் பரவாயில்லை. ஊதுறதோ தொழில்? எங்கட ஆக்கள் ஊதுறேல்லை!" கடல் கடந்து வந்தும் சாதி மட்டும் அப்பாவோடு பத்திரமாக வந்திருந்தது. அத்தான் எதிர்த்துப் பேசவில்லை. ஞாயிறு தோறும் வந்து அப்பாவின் வாடகைத் தோட்டத்தில் களை பிடுங்கினார். அடுத்த கோடையில் அப்பாவே "எங்க மருமகனைக் காணேல்லை?" என்று வாசலைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

தமிழில் அத்தான் முதலில் பழகிய சொல், ஆம் என்பதற்கு நாங்கள் சொல்லும் "ஓம்". "ஏலாது" என்று அவர் சொல்லி நான் கேட்டதேயில்லை. அதைப் பெரிய குணம் என்று நாங்கள் எல்லோரும் மெச்சினோம். இன்று அதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

காலையில் ஒரே சுரத்தை நீட்டிப் பிடித்துப் பழகுவார். அது முடிவதற்குள் அக்கா தேநீரை ஆற்றிக் கொடுத்துவிடுவார். கச்சேரிக்கு வரும் எங்கள் சனம் "இந்த மனுசனுக்கு என்ன மூச்சடா!" என்று வாய் பிளக்கும். அக்கா வீட்டுக்கு வந்ததும் செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டு, ஊர்வாய்த் திருஷ்டி போக நாவூறு கழிப்பார். ஒருமுறை புகைக்கு வைத்திருந்த எச்சரிக்கை மணி அலற, மேல்வீட்டு ஜேர்மன் அம்மா செருப்பில்லாமல் ஓடி வந்தார்.

அத்தானின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமான வசந்தத்தில் அந்தச் சுரம் குறுகத் தொடங்கியது. தேநீர் கொதிக்கக் கொதிக்க இருக்கும்போதே அறுந்துவிடும். அக்காவுக்கும் கேட்டது, எனக்கும் கேட்டது, இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அத்தானின் சட்டைக் கழுத்து தளர்ந்தது. மாடிப்படியின் நடுவில் நின்று ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்ப்பதுபோல் நிற்பார். "கண்ட சனமும் வாய் வைச்சிட்டுது" என்று அக்கா மிளகாயைத்தான் தேடினார்.

குடும்ப வைத்தியர் மார்பைப் படம் எடுத்துப் பார்த்தார். அதிகம் பேசாமல், நுரையீரல் நிபுணரிடம் தாமே அவசர டெர்மின் எடுத்துக் கொடுத்தார். அது பொன்னுருக்கலுக்கு மறுநாள் வந்து விழுந்தது. இங்கே பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: தாலிக்குப் பொன் உருக்கிய பிறகு, கல்யாணம் முடியும்வரை அந்த வீட்டார் சாவீடு போன்ற இடங்களுக்குப் போகமாட்டார்கள். அக்கா அதில் ஆஸ்பத்திரியையும் சேர்த்துக்கொண்டார்.

"இஞ்சேருங்கோ, பொன்னுருக்கின வீட்டில இருந்து அங்க போறது சரியில்லை. கல்யாணம் முடியட்டும், என்ன?"

"ஓம்" என்றார் அத்தான். தாமே தொலைபேசி எடுத்து டெர்மினைத் தள்ளி வைத்தார். அடுத்த இடம் கோடை கழிந்த பிறகுதான் கிடைத்தது.

கல்யாண மண்டபத்தில் அத்தான் மகளுக்காக ஊதினார். நாற்காலியில் இருந்து ஊதினார்; அதற்கு முன் அவர் இருந்து ஊதி யாரும் கண்டதில்லை. சபை எழுந்து கைதட்டியது. அவருடைய உதடுகள் நீலம் பாரித்திருந்ததை, பக்கத்தில் நின்ற நான் பார்த்தேன். மகள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நிபுணர் படத்தைப் பார்த்துவிட்டு, நுரையீரலில் புற்றுநோய், வசந்தத்தில் வந்திருந்தால் கட்டியை வெட்டி எடுக்கப் பார்த்திருக்கலாம் என்றார். வீடு வந்ததும் அக்கா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அத்தான் அவருடைய கையைப் பிடித்தார்.

"உன்னில பிழையில்லை. மூச்சு என்ர. எனக்குத்தான் முதல் தெரியும்."

"தெரிஞ்சுமோ பேசாமல் இருந்தனீங்கள்?"

அத்தானுக்கு மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது, சாக்சபோன் பெட்டி திறக்கப்படவில்லை. மாரி தொடங்க முன்னரே போய்விட்டார். அந்தக் கேள்வி இன்னும் அக்காவைத் தின்றுகொண்டிருக்கிறது.

ஜப்பானிலிருந்து ஓடிவந்து தம்பியின் தலைமாட்டில் இருந்த அவருடைய தமக்கையாருக்கும், தகன மண்டபத்தில் வாசித்த இசைக்குழு நண்பர்களுக்கும், கிரியைகள் செய்த ஐயருக்கும், எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டாத நாட்களில் சோறு கொண்டுவந்த அயலவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

கடைசியாக, எங்கள் சின்னண்ணைக்கு. ஒவ்வொரு சிகிச்சைக்கும் அத்தானைக் காரில் ஏற்றி இறக்கியவர் நீங்கள்தான். அந்த நன்றியை எழுத்தில் தீர்க்க முடியாது. ஆனால் அண்ணை, கோடையில் தொடங்கிய உங்கள் இருமல் இன்னும் நிற்கவில்லை. கைக்குட்டையில் இரத்தம் கண்டதை உங்கள் வீட்டு மச்சாள் அக்காவிடம் சொல்லி அழுதிருக்கிறார். மகனுக்குப் பொன்னுருக்கல் வருகிறது, முடியட்டும் என்று நீங்கள் சொன்னீர்களாம். இதை ஊரறிய அச்சில் போடுவது மரியாதையில்லை என்று எனக்குத் தெரியும். அக்காதான் போடச் சொன்னார். பொன்னுருக்கலுக்கு வேறு நாள் பார்க்கும்படி ஐயரிடமும் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை காலை அக்கா உங்கள் வாசலில் நிற்பார். இந்தமுறை கார் ஓட்டுவது அவர். பேசாமல் ஏறுங்கோ, அண்ணை.