ஒரு சாண் ஆழம்

எங்கள் மண் பரிசோதனைக் கூடத்தில் வாட்ச்மேன் முதல் பெரிய அதிகாரி வரை எல்லோருக்கும் அவர் 'மண்ணு மாமா'தான். மண் மாதிரி எடுப்பது வேலை. சோளமோ காய்கறியோ, ஒரு சாண் குழி வெட்டி, ஓரத்தைச் சீவி, வாளியில் கலந்து, பையில் கட்டிக்கொண்டு வருவார். கண்ணைக் கட்டிவிட்டாலும் அளவு பிசகாது என்று பீற்றிக்கொள்வார். இருபத்திரண்டு வருஷமாக அது பிசகவில்லை, அதுதான் வினையாகிவிட்டது.

நான்கு வருஷத்துக்கு முன், புருஷனை இழந்த அவருடைய தங்கை, தோட்டத்து எலுமிச்சையை எடுத்துவிட்டு கோகோ வைக்கலாமா என்று கேட்டாள். கோகோவின் ஆணிவேர் ஆழமாக இறங்கும். அதற்கு ஆள் உயரக் குழி வெட்டிப் பார்க்க வேண்டும். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் அவர் கை பழக்கதோஷத்தில் ஒரு சாணோடு நின்றுவிட்டது. சோதித்தவள் நான். மேல்மண் அவ்வளவு நல்ல மண்! எவ்வளவு ஆழத்தில் எடுத்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டேனா, பாவி? 'கோகோவுக்கு உகந்தது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

மூன்று வருஷம் செடிகள் தளதளவென்று வளர்ந்தன. மனிதர் தலைகால் புரியாமல் ஆடினார். இந்த வருஷம் பூக்க வேண்டிய மரங்கள் உச்சியிலிருந்து காயத் தொடங்கின.

நேற்று இரண்டு பேரும் போனோம். இரண்டடியில் கடப்பாரை ணங்கென்றது. பத்து இடத்தில் தோண்டினோம். பத்திலும் பாறை. ஆணிவேர் அதில் முட்டி மடங்கிக் கிடந்தது.

"உரம் போட்டா தேறிடுமாண்ணே?"

"தேறாதும்மா."

"தண்ணி நிறைய விட்டா?"

நான்தான் சொன்னேன். "பாறைய என்னக்கா பண்ண முடியும்? ஒண்ணுகூட நிக்காது."

திட்டியிருந்தால் தேவலை. அவள் திட்டவில்லை.

"இன்னொரு இடத்துலயும் குடுத்துப் பாருன்னு எல்லாரும் சொன்னாங்க. எங்கண்ணன் பாத்த மண்ண இன்னொருத்தன் பாக்கணுமான்னு நான்தான் சண்டைக்குப் போனேன்."

அவர் குழிக்குள் இறங்கிக் கடப்பாரையை ஓங்கினார். பாறையில் வெள்ளைக் கீறல் மட்டும் விழுந்தது. மறுபடி ஓங்கினார்.

"போதும், ஏறி வாண்ணே" என்றாள்.

அவர் நிறுத்தவில்லை.