எரித்துப் பார்க்காத பட்டு

சுவர் மணிக்கூட்டில் காலை ஆறு இருபது. வேலிப் படலைக்குள் நுழைந்த மாட்டுவண்டிலில் முதலில் தெரிந்தது கண்ணாடி இல்லாத ஒரு விளக்கு. அடுத்துத் துருப்பிடித்த கைப்பிடி. அதற்குப் பின்னால், வைக்கோலில் சாய்ந்து கிடந்தது ஒரு சிவப்பு மோட்டார் சைக்கிள். குஞ்சியப்பு சால்வையைத் தலையில் கட்டிக்கொண்டு, அச்சுவேலியிலிருந்து கரவெட்டி வரைக்கும் வண்டிலின் பின்னாலேயே நடந்து வந்திருந்தார். நான் அப்போது ஒன்பது வயதுச் சிறுமி. அப்படியொரு வாகனத்தை அதற்கு முன் கிட்ட நின்று பார்த்ததில்லை.

குஞ்சியப்பு என் ஐயாவின் தம்பி. மலாயாவில் றெயில்வே வேலைத்தலத்தில் ஏழு வருடம் யந்திரம் பூட்டும் பிற்றராக இருந்தவர். லீவில் வந்து கல்யாணம் முடித்து ஐந்து மாதமாகியிருந்தது. திரும்பிப் போவதற்கான கப்பல் ரிக்கற் அலுமாரிக்குள் இருந்தது. சண்டைக் காலத்தில் புது மனைவி குஞ்சாச்சியையும் கூட்டிப்போவதை ஒருவரும் யோசிக்கவில்லை. இதற்கிடையில் கூட்டுறவுச் சங்கங்களைச் சுற்றிப் பார்க்கும் அரசாங்க உத்தியோகம் ஒன்றுக்கு அவர் எழுதிப் போட்டிருந்தார். பதில் வந்தது. வேலை உண்டு, ஆனால் அடுத்த மாதம் முதலாம் திகதி காலை பத்து மணிக்கு, சொந்த மோட்டார் வாகனத்தில் அரசாங்க அலுவலகமான கச்சேரிக்கு வரவேண்டும். வாகனம் ஓடினால் குஞ்சியப்பு ஊரில் இருப்பார். ஓடாவிட்டால் கப்பல். வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும்.

மோட்டார் சைக்கிள் இத்தாலியில் செய்தது. அச்சுவேலிப் புகையிலை வியாபாரி ஒருவரின் மகன் கொழும்பில் வாங்கி வந்து, முதல் மாரி மழையிலேயே வாய்க்காலுக்குள் விழுந்து, பிறகு தொடவே இல்லை. நாலு வருடம் புகையிலைக் கொட்டிலில் நின்றதால் அதன் தோல் இருக்கை சுருட்டு மணத்தது.

குஞ்சாச்சி வாசலில் நின்று அதை மேலும் கீழும் பார்த்தார்.

"இஞ்சருங்கோ, கப்பலுக்குப் போறதெண்டால் நேரை போங்கோ. உந்தப் பழஞ்சட்டியை ஏன் எங்கடை வளவுக்கை கொண்டந்தனீங்கள்?"

"பொறும். உது எழும்பி ஓடும்."

"ஓடேக்கை சொல்லுங்கோ, ஆராத்தி எடுக்கிறன்."

வண்டில் கொட்டிலில் சாக்கு விரித்து, குஞ்சியப்பு அதைக் கழற்றத் தொடங்கினார். ஒவ்வொரு துண்டையும் மண்ணெண்ணெயில் கழுவி, கழற்றிய ஒழுங்கிலேயே வரிசையாக வைத்தார். ஒன்றைக்கூட மிதிக்காமல் நடக்க நான் பழகிக்கொண்டேன். யந்திரத்தின் இடது பக்கத்தில், வெளியே தெரியும்படியாக, இடியப்பத் தட்டைவிடப் பெரிய ஒரு இரும்புச் சக்கரம் இருந்தது. மூன்று நாள் சாம்பலும் தேங்காய்த் தும்பும் போட்டு நான்தான் அதைத் தேய்த்தேன். மூன்றாம் நாள் மாலை அதில் என் முகம் தெரிந்தது.

இல்லாத சாமான்களுக்குக் குஞ்சியப்பு கொழும்புக்கு எழுதினார். அந்த நாட்டுச் சாமான் இனி வராது, அவர்கள் இப்போது எதிரிகள் என்று ஒரே வரியில் பதில் வந்தது. உலகச் சண்டை எங்கள் வளவுக்குள் வந்தது அப்படித்தான்.

"இத்தாலிக்காரனோடை சண்டையாம். அவன்ரை குதிரைக்குத் தீனி எங்கடை வீட்டிலை" என்றார் குஞ்சாச்சி.

பிறேக் கம்பி ஒரு பழைய சைக்கிளிலிருந்து வந்தது. பெற்றோல் அளவைக் கட்டுப்படுத்தும் மிதவை உளுத்துப் போயிருந்தது. வல்வெட்டித்துறையில் வத்தை என்னும் பாய்க்கப்பலை ஓட்டும் தண்டையல் ஒருவர், மீன்வலையில் கட்டும் மிதப்புக்கட்டை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"கடலிலை மிதக்கிறது உன்ரை எண்ணெயிலை மிதவாதோ, தம்பி?"

"செதுக்கி அரக்குப் பூசினால் மிதக்கும், அண்ணை."

மிதந்தது. ஒரு கிளாசில் பெற்றோல் ஊற்றி, என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

மிஞ்சியது மக்னீற்றோ. யந்திரத்துக்கு நெருப்புப் பொறி கொடுக்கும் உறுப்பு அது. உள்ளே தலைமயிரை விட மெல்லிய செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றாகச் சுற்றப்பட்டிருக்கும். மாரித்தண்ணீர் அதைத் தின்றிருந்தது. தண்டையல் அடுத்த பயணத்தில் நாகபட்டினத்திலிருந்து பழுதான ஒரு மோட்டார்க் காரின் கொயில் சுருளைக் கொண்டுவந்தார். அதற்குள் இருந்த கம்பி நல்லது. ஆனால் ஒவ்வொரு அடுக்குக் கம்பிக்கும் நடுவில் அரக்கில் தோய்த்த பட்டுத் துணி வைக்கவேண்டும். இல்லாவிட்டால் பொறி உள்ளேயே பாய்ந்து செத்துவிடும். பருத்தி ஈரம் இழுக்கும், சரிவராது.

முதலாம் திகதிக்கு ஆறு நாள் இருந்தது. குஞ்சியப்பு யாழ்ப்பாணம் பெரியகடைக்குப் போய், மூன்று கடைகளில் மூன்று துண்டுப் பட்டு வாங்கி வந்தார். ஒவ்வொன்றிலும் ஒரு நூலை உருவி விளக்கில் காட்டினார். அசல் பட்டென்றால் மயிர் கருகும் மணம் வரும், நுனி உருண்டு கறுக்கும் என்று எனக்குச் சொன்னார். முதல் நூல் கடதாசி போல எரிந்தது. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதில் பாதி பருத்தி. அவர் விளக்கை ஊதி அணைத்துவிட்டு, மூன்று துண்டுகளையும் மடித்து வைத்தார்.

"எல்லாம் சரி. பட்டு மட்டும் இல்லை" என்றார் கடைசியாக.

அடுக்களையிலிருந்து குஞ்சாச்சி வெளியே வரவில்லை. பகிடியும் பண்ணவில்லை. அதுவே எனக்குப் புதினமாக இருந்தது.

மறுநாள் நான் கொட்டிலுக்குப் போனபோது, இரண்டு விரல் அகலப் பட்டிகளாக வெட்டிய துணி, அரக்குக் குழம்பில் ஊறிக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. கருஞ்சிவப்பு. அது அரக்கின் நிறம் என்று நினைத்தேன்.

"குஞ்சியப்பு, இதை எரிச்சுப் பாக்கேல்லையே?"

"தேவையில்லை, பிள்ளை."

அன்று பகல் முழுதும் கம்பி சுற்றினோம். குஞ்சாச்சியின் கைத் தையல் மெசின் சக்கரத்தில் ஒரு கட்டையைப் பொருத்தி, குஞ்சாச்சி சுழற்றினார்; குஞ்சியப்பு கம்பியை விரலால் வழிநடத்தினார்; நான் எண்ணினேன். நூறு சுற்றுக்கு ஒரு புளியங்கொட்டை. ஓர் அடுக்கு முடிந்ததும் ஒரு பட்டி.

"சட்டை தைக்கத் தந்த மெசின். இவர் இரும்புக்கு உடுப்புத் தைக்கிறார்" என்றார் குஞ்சாச்சி.

"பட்டுடுப்பு" என்றார் குஞ்சியப்பு. குஞ்சாச்சி சக்கரத்தை ஒரு கணம் நிறுத்தி அவரைப் பார்த்துவிட்டு, மறுபடி சுழற்றினார். எனக்கு எண்ணிக்கை தவறிவிட்டது. இருவரும் என்னை ஏசவில்லை.

மாதக் கடைசி நாள், மாலை நாலு மணி பத்து நிமிடம். முதலில் பொறியை மட்டும் பார்த்தோம். பொறி தெறிக்கும் பிளக்கைக் கழற்றி யந்திரத்தின் மேல் கிடத்தி, குஞ்சியப்பு காலால் உதைத்தார். கொட்டிலின் நிழலுக்குள் ஒரு நீலப் புள்ளி, ஊசி முனையளவு, சொடக்கென்ற சத்தத்துடன் தோன்றி மறைந்தது. நெருப்புப் பெட்டி இல்லை, விறகு இல்லை. ஒரு மனிதனின் காலிலிருந்தும் என் புளியங்கொட்டைகளிலிருந்தும் நெருப்பு வந்திருந்தது. என் கைகள் தாமாகவே கும்பிட்டிருந்தன. குஞ்சியப்பு சிரிக்கவில்லை.

பிளக்கைப் பூட்டினார். ஐந்தாவது உதையில் யந்திரம் இருமியது. எட்டாவதில் பிடித்தது. கோழிகள் வேலி தாண்டின. அந்தப் பெரிய சக்கரம் சுழன்றது. அதில் தெரிந்த என் முகம் மட்டும் சுழலாமல், நின்ற இடத்திலேயே நின்றது. இரும்பு ஓடுகிறது, முகம் ஓடவில்லை. அதை விட்டுக் கண்ணை எடுக்க என்னால் முடியவில்லை.

குஞ்சாச்சி கையெல்லாம் மாவோடு ஓடிவந்தார்.

"ஆராத்தி எங்கை?" என்று சத்தத்துக்கு மேலால் கத்தினார் குஞ்சியப்பு.

"மாக்கையோடை ஓடி வந்து நிக்கிறன். வேறை என்ன வேணும் உங்களுக்கு?"

மறுநாள் காலை ஏழரைக்கு அவர் புறப்பட்டார். பின்னேரம் உத்தியோகத்தோடு வந்தார். கப்பல் ரிக்கற்றின் பின்பக்கத்தில் எனக்குக் கணக்கு எழுதப் பழக்கினார். பதினொரு வருடம் அந்த மோட்டார் சைக்கிளில்தான் சங்கம் சங்கமாகத் திரிந்தார். மக்னீற்றோ ஒருநாளும் அவரைத் தெருவில் விடவில்லை.

அந்த உத்தியோகம் கிடைத்து முப்பத்தொரு வருடத்துக்குப் பிறகு, ஒரு மார்கழியில் குஞ்சாச்சி இறந்தார். எங்கள் பக்கத்தில் சுமங்கலியாக இறப்பவருக்குக் கல்யாணக் கூறைச் சேலையைத்தான் உடுத்துவார்கள். குஞ்சியப்பு அறைக்கு வெளியே கதிரையில் இருந்தார். பெட்டியைத் திறந்து கூறையை எடுத்தவள் நான். காஞ்சிபுரத்துச் சிவப்புப் பட்டு. உடுத்திய பெண்களில் ஒருவர், சேலை கட்டையாக இருக்கிறது என்றார். இடுப்பில் செருகும் உள்தலைப்பை விரித்துப் பார்த்தோம். அங்கே நெய்த விளிம்பு இல்லை. ஒரு சாண் துணி கத்தரிக்கோலால் நேராக வெட்டி எடுக்கப்பட்டு, மிச்ச ஓரம் சிவப்பு நூலால் மடித்துக் கைத் தையல் போடப்பட்டிருந்தது.